அம்பு விட்ட பிறகு

ஈரோட்டுப் பக்கம் ஒருவரை உட்காரச் சொல்ல ‘உக்காருங்க’ என்போம். நாகர்கோவில்காரியான அக்கா ‘இரி’ என்பாள். முதல் தடவை அவள் அப்படிச் சொன்னபோது எனக்குப் புரியவே இல்லை.

நியூ ஜெர்சியில் ஒரு ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அப்போது எனக்கு வேலை. நாலாவது மாடியில், புற்றுநோய்ப் பிரிவில் அக்கா நர்ஸ். மேலேயிருந்து வந்த ஒரு சோதனைக் குழாயில் ரத்தம் உறைந்துபோயிருந்தது. மறுபடி எடுக்க வேண்டும் என்று சொல்ல நானே படியேறி ஓடினேன். மூச்சு வாங்க நின்ற என்னை அவள் ஏற இறங்கப் பார்த்தாள். என் சட்டையில் தொங்கிய பெயர் அட்டையைப் படித்தாள்.

“எதுக்கு இப்படி ஓடி வாற? இரி பிள்ளே.”

அந்தக் கட்டடத்தில் நான் கேட்ட முதல் தமிழ் அது. எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது, அவளுக்கு நாற்பத்தாறு. தொண்ணூறுகளின் நடுப்பகுதி.

அவளுக்கு இருக்கத் தெரியும். அவளைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். அந்த மாடியில் சாகக் கிடப்பவர்களின் வீட்டார் எப்போதும் நடந்துகொண்டே இருப்பார்கள். டாக்டர் எங்கே, அடுத்த மருந்து என்ன, வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று. ஒருநாள் ஒரு கிழவருக்கு ரத்தம் எடுக்கப் போயிருந்தேன். அவருடைய மகன், ஆறடி ஆள், கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்து எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தார். அக்கா அவருக்கு நேர் முன்னால் போய் நின்றாள். “உங்கள் அப்பாவுக்குக் கண் தெரியவில்லை, காது நன்றாகக் கேட்கிறது. நீங்கள் நடப்பதைத்தான் இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். உட்காருங்கள்” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் திகைத்துப்போய் உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பி, “ரத்தம் ஒண்ணும் எடுக்காண்டாம், நீ போ. டாக்டர்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்” என்றாள். அன்று சாயங்காலம் கிழவர் போனார். மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

என் அப்பா ஈரோட்டில் இறந்தபோது எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. காரியம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர முடியும் என்றானது. தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் வீட்டுக்கு வந்தன. ஆளுக்கொரு ஆறுதல் சொன்னார்கள். அக்கா வந்தாள், சமையலறையில் எனக்கு எதிரில் மூன்று மணி நேரம் இருந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது சிங்க்கில் கிடந்த பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். “எதுக்கு வந்தாங்க, எதுக்குப் போறாங்க?” என்று கேட்டார் என் கணவர். அன்று முழுக்க என்னை அழவிட்ட ஒரே ஆள் அவள்தான் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அவள் வேட்டைக்காரி என்பது ஒரு மதியச் சாப்பாட்டில் தெரிந்தது. மிளகும் தேங்காயும் வறுத்தரைத்த கறி கொண்டுவந்திருந்தாள். ஆட்டுக்கறி என்று நினைத்து நான் நாலு வாய் தின்ற பிறகு, “எப்படி இருக்கு? மானாக்கும். நான் அடிச்சது” என்றாள்.

“துப்பாக்கியிலயாங்க்கா?”

“துப்பாக்கி யாருக்கு வேணும்? வில்லு.”

அவள் கணவர் டேல் அமெரிக்கர். வீடுகளுக்குக் கூரை போடுகிறவர். நர்ஸாக வந்த இரண்டாவது வருடமே அவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அதனால் அவள் வீட்டார் வெகுகாலம் பேசாமல் இருந்தார்கள். நியூ ஜெர்சித் தமிழர்களும் பொங்கல் விழாவில் அவளைக் கண்டால் சிரிப்பார்கள், தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போவார்கள். டேல் பெரிய உடம்புக்காரர், வாய் நிறையச் சிரிப்பு, ஒரு இடத்தில் நிற்க மாட்டார். சாப்பிடும்போதே எழுந்து போய்க் கதவின் கீலை முடுக்கிவிட்டு வருவார். வில்லைப் பிடிக்க அக்காவுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஆனால் வருடத்துக்கு வருடம் மான் அடித்தது அக்காதான். “இவளால் சும்மா இருக்க முடியும், என்னால் முடியாது. வேட்டை என்பது அவ்வளவுதான்” என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அவருக்கு இன்னொரு குறையும் இருந்தது. சிவப்பும் பச்சையும் அவருக்குப் பிரித்துத் தெரியாது. அம்பு பட்ட மான் அந்த இடத்திலேயே விழுவது அபூர்வம். ஓடும். சருகில் சிந்திய ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பின்னால் போக வேண்டும். அக்டோபர் கடைசியில் அந்தக் காட்டில் தரை முழுக்க மேப்பிள் இலை, எல்லாம் சிவப்பு. டேலுக்கு அதில் ரத்தம் என்று ஒன்று தெரியவே தெரியாது. அவர் அடித்ததை அக்கா தேடித் தருவாள்.

“நாளெல்லாம் ரத்தம் பாக்குதவதானே நீ? இந்தத் தடவ எங்ககூட வா” என்றாள்.

வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று நாள் விடுப்பு எடுத்தேன். என் கணவருக்குப் பிடிக்கவில்லை. “வெள்ளைக்காரங்க செய்யற வேலை உனக்கு எதுக்கு?” என்றார். பதினொரு வயது மகள், ‘பாவம் மான்’ என்று ஆங்கிலத்தில் சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கே ஏன் போகிறேன் என்று தெளிவில்லை. அப்பா இறந்த வருடம் அது. அவள் இருக்கும் இடத்தில் நானும் கொஞ்ச நாள் இருக்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

மாநிலத்தின் வடமேற்கு மூலையில், டேலின் மாமாவுக்குச் சொந்தமான காடு. தங்க ஒரு பழைய மர வீடு. போன் கிடையாது. மேட்டின் இந்தப் பக்கம் ஒரு பரண், அந்தப் பக்கம் ஒரு பரண். பரண் என்றால் மரத்தில் பதினெட்டு இருபது அடி உயரத்தில் சங்கிலி போட்டுக் கட்டிய சின்ன இரும்புப் பலகை, ஒரு ஆள் உட்காரலாம். இடுப்பைச் சுற்றி மரத்தோடு கட்டிக்கொள்ள வார் உண்டு. அக்கா கட்டிக்கொள்வாள். நாள் முழுக்கக் கூரைமேல் நடக்கும் டேல் அதைக் கட்டியதே இல்லை.

வியாழக்கிழமை மாலை அக்கா ஒரு பெண்மானை அடித்தாள். நான் அவள் மரத்துக்குக் கீழே, புதருக்குள் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மான் வந்ததும் தெரியவில்லை, அம்பு போனதும் தெரியவில்லை. ஏதோ அறுந்தமாதிரி ஒரு சத்தம், பிறகு சருகு தெறிக்க ஓட்டம். நான் எழுந்துவிட்டேன். மேலேயிருந்து மெதுவாகக் குரல் வந்தது.

“இரி.”

“அது ஓடுதுங்க்கா!”

“ஓடட்டும். நாம பொறத்தால போனா இன்னும் ஓடும். சும்மா விட்டா பக்கத்துலயே எங்கயாவது படுத்துக்கிடும். அதுக்கும் நிம்மதியா போவணும் பாத்துக்கோ.”

கடிகாரத்தைப் பார்த்து அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம் எனக்கு ஒரு நாளாக இருந்தது. அங்கே ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கிறது, இங்கே நாங்கள் இரண்டு பெண்கள் அசையாமல் காத்திருக்கிறோம். பிறகு இறங்கி வந்தாள். முதல் ரத்தத் துளியை நான்தான் பார்த்தேன். வெளுத்த சிவப்பு, சின்னச் சின்ன நுரையோடு. “நுரையீரல்” என்றேன். “அப்பம் தூரம் போயிருக்காது” என்றாள். அறுபது அடி தள்ளி, தூங்குவதுபோல் காலை மடக்கிக் கிடந்தது. அக்கா அதன் கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அதன் பக்கத்திலும் கொஞ்ச நேரம் இருந்தாள். அதற்குப் பிறகுதான் கத்தியை எடுத்தாள்.

மறுநாள் காலை டேல் ஒன்றை அடித்தார். கொம்புள்ள பெரிய மான். அடித்த உற்சாகத்தில் உடனே இறங்கி அது போன திசையில் ஓடினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூச்சிரைக்க ஒரு ஓடைக்கரையில் நின்றார். அம்பைக் கையில் வைத்திருந்தார். நான் அதை வாங்கிப் பார்த்தேன். கறுத்த ரத்தம், ஓரத்தில் பச்சையாக ஒரு பசை, மூக்கில் அறைகிற நாற்றம்.

“குடல்லங்க்கா” என்றேன்.

அக்காவின் முகம் மாறியது. குடலில் அடிபட்ட மான் சாகப் பல மணி நேரமாகும். விட்டுவிட்டால் பக்கத்திலேயே படுக்கும். துரத்தினால் மைல் கணக்கில் போகும். அன்று முழுக்கத் தேடினோம். ஓடையைத் தாண்டி, வேலியைத் தாண்டி, துளித்துளியாகப் போன ரத்தமும் மதியத்துக்குமேல் தெரியவில்லை. சதுப்பு நிலத்து நாணலுக்குள் போய் எல்லாம் முடிந்தது. அந்த மான் கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவள் கோபப்பட்டதைப் பார்த்தேன். அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. சத்தம் போடவில்லை. தட்டை நகர்த்திவைத்துவிட்டு ஆங்கிலத்தில் பேசினாள்.

“அது இப்போதும் உயிரோடு எங்கோ நின்றுகொண்டிருக்கிறது, டேல். அரை மணி நேரம். அதைக்கூட உன்னால் கொடுக்க முடியவில்லை.”

“தெரியும்.”

“ரத்தம் உனக்குத் தெரியாது. பின்னால் போய் என்ன செய்யப்போகிறாய்?”

“தெரியும், தெரியும்.”

“நாளைக்கு நீ அடித்தாலும் சரி, அடிக்காவிட்டாலும் சரி, இருட்டும்வரை மரத்தைவிட்டு இறங்கக் கூடாது. நான் வருவேன். நான் வரும்வரை அங்கேயே இருக்க வேண்டும். சொல்.”

அவர் சிரிக்காமல் தலையை ஆட்டினார். “நீ வரும்வரை இருப்பேன்” என்றார்.

சனிக்கிழமை நன்றாக விடிந்தது. மதியம் மேட்டின்மேல் ஒரு வான்கோழிக் கூட்டத்தைப் பார்த்தோம், பத்துப் பன்னிரண்டு இருக்கும். இலையுதிர் காலத்தில் அவற்றைப் பிடிக்க ஒரு வழி உண்டு. கூட்டத்துக்குள் ஓடிப்போய்க் கலைத்துவிட வேண்டும். கலைந்தவை சாயங்காலம் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே திரும்பச் சேரும். அந்த நேரத்தில் ஒளிந்திருந்து நாமும் கூப்பிட்டால் நம் பக்கம் வரும். கலைக்கிற வேலை டேலுக்கு மிகவும் பிடித்தது. கைகளை விரித்துக்கொண்டு, கத்திக்கொண்டு, மேட்டில் ஏறி ஓடினார். பறவைகள் நாலு பக்கமும் எழும்பின. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முந்தின நாள் வருத்தம் அதோடு போய்விட்டது.

கூப்பிட இருவரிடமும் ஆளுக்கொரு கருவி இருந்தது. அக்காவுடையது சின்ன வட்டக் கல்பலகை, குச்சியால் உரச வேண்டும். டேலுடையது நீளமான மரப்பெட்டி, அசைகிற மூடியை அதன் ஓரத்தில் உரசினால் அச்சு அசலாகப் பெட்டை வான்கோழியின் குரல் வரும்.

மூன்று மணிக்குப் பிரிந்தோம். டேல் மான் பார்க்க மேட்டுக்கு அந்தப் பக்கம் தன் பரணுக்குப் போனார். அக்காவும் நானும் இந்தப் பக்கம், விழுந்து கிடந்த ஒரு ஓக் மரத்துக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தோம். நடுவில் முந்நூறு அடிக்குமேல் இருக்கும். காற்று இருந்தது. இலைகள் விழும் சத்தம் ஓயவில்லை.

நாலு மணிக்குமேல் முதல் கூப்பாடு கேட்டது. மேட்டுக்கு அப்பால் மூன்று தடவை, பிறகு நின்றது. நான் அக்காவின் தோளைத் தொட்டேன். அவள் தலையசைத்தாள். பலகையை எடுத்து மூன்று தடவை உரசினாள். உடனே பதில் வந்தது, முன்னைவிட அவசரமாக, ஐந்தாறு தடவை. அக்கா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தாள். மறுபடி உரசினாள். மறுபடி பதில். ஆனால் இந்தத் தடவை குரல் ஒழுங்காக இல்லை. ஒரு கூப்பாடு இழுபட்டு நடுவில் அறுந்தது, இன்னொன்று வெறும் கீறலாகக் கேட்டது.

“என்னமோ மாதிரி கேக்குதுங்க்கா” என்றேன், அவள் காதோடு. “போய்ப் பாத்துட்டு வந்தர்லாமுங்களா?”

“குஞ்சா இருக்கும். தாயத் தேடுது. எழும்பினா போயிரும். இரி.”

இருந்தேன். அவள் இன்னொரு தடவை, மெதுவாக, அன்பாகக்கூட, உரசினாள். பதில் இல்லை. நாங்கள் காத்திருந்தோம். வெளிச்சம் மஞ்சளாகி, சாம்பலாகி, மரங்களின் அடியில் இருட்டு தேங்கியது. ஒரு பறவையும் வரவில்லை.

இருட்டியதும் டார்ச்சைப் போட்டுக்கொண்டு, சொன்னபடி டேலைக் கூப்பிடப் போனோம். மரத்திலிருந்து நாலடி தள்ளி அவர் மல்லாந்து கிடந்தார். ஏணியாக மரத்தில் திருகியிருந்த கம்பிகளில் ஒன்று வளைந்து தொங்கியது. நான் அலறிவிட்டேன். அக்கா அலறவில்லை. மண்டியிட்டுக் கழுத்தில் விரல் வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். கண் இமையைத் தூக்கி டார்ச்சைக் காட்டினாள். சட்டைக்குள் கையை விட்டு நெஞ்சைத் தொட்டாள். பிறகு தாடையைப் பிடித்து மெல்ல அசைத்துப் பார்த்தாள்.

“உடம்பு இன்னும் சூடா இருக்கு. தாடை இறுகல்ல” என்றாள். யாரோ ஒரு நோயாளியைப் பற்றி அடுத்த ஷிஃப்ட் நர்ஸிடம் சொல்கிற அதே குரல். “ஒரு மணிக்கூர்கூட ஆகியிருக்காது.”

அப்போதுதான் என் டார்ச் வெளிச்சம் அவர் கைகளில் விழுந்தது. அவர் வயிற்றின்மேல் அந்த மரப்பெட்டி இருந்தது. ஒரு கை பெட்டியைப் பிடித்திருந்தது. மற்றக் கையின் விரல்கள் மூடியின்மேல் இருந்தன.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் எனக்கு முன்பே அதைப் பார்த்திருந்தாள்.

“நெஞ்சு நொறுங்கிப்போச்சு. சத்தம் போட முடிஞ்சிருக்காது” என்றாள். பிறகு, “நீ போய் போன் பண்ணு பிள்ளே. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பண்ணை வீடு இருக்கு. வண்டிய மெதுவா ஓட்டு. நான் இங்க இருக்கேன்.”

போலீஸ்காரர் இளைஞர், மரியாதையானவர். பண்ணை வீட்டுச் சமையலறையில் எங்கள் இருவரையும் உட்காரவைத்துக் கேட்டார். எப்போது பிரிந்தீர்கள், எப்போது கண்டீர்கள். பிறகு, “நடுவில் ஏதாவது சத்தம் கேட்டீர்களா?” என்றார்.

“இல்லை” என்றேன் நான், அவர் கேட்டு முடிப்பதற்குள்.

அக்கா தன் கையை என் கையின்மேல் வைத்தாள். “வேண்டாம் பிள்ளே” என்றாள். பிறகு அவரைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னாள். “கேட்டோம். அவர் அந்தப் பெட்டியால் என்னைக் கூப்பிட்டார். நான் வான்கோழி என்று நினைத்தேன். பதிலுக்குக் கூப்பிட்டேன். இவள் போய்ப் பார்க்கலாம் என்றாள். நான்தான் இருக்கச் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள்.”

அவர் எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அதையே இன்னொரு தடவை, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் எழுதினார்.

மறுநாள் அங்கே போன வனத்துறைக்காரர்கள் எழுபது அடி தள்ளி ஒரு மானைக் கண்டார்கள். டேலின் அம்பு நுரையீரலைத் துளைத்திருந்தது. சுத்தமான அடி. அது எங்கேயும் போயிருக்காது, அவர் இறங்கியிருக்கவே வேண்டாம். அரை மணி நேரம் இருந்துவிட்டு இறங்கினாரா, அடித்ததுமே இறங்கினாரா, யாருக்கும் தெரியாது. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரிடம் அக்கா நேராகவே கேட்டாள், எவ்வளவு நேரம் உயிரோடு இருந்திருப்பார் என்று. விலா எலும்புகளும் முதுகெலும்பும் உடைந்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்திருக்கிறது, ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்திருக்கலாம் என்றார். உடனே கொண்டுபோயிருந்தால்? அவர் தயங்கினார். அவள் விடவில்லை. வாய்ப்பு இருந்தது என்றார்.

அடக்கத்தில் டேலின் அண்ணன் எல்லோர் முன்னாலும் அவளைக் கேட்டார்: “நீ உட்கார்ந்துகொண்டா இருந்தாய்?”

“ஆமாம்” என்றாள் அக்கா.

தமிழர்களின் பேச்சு வேறு விதமாக இருந்தது. புருஷன் கத்தக் கத்த இவள் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தாளாம் என்று ஒரு ஆன்ட்டி மளிகைக் கடையில் என்னிடமே சொன்னார், நானும் அங்கே இருந்தேன் என்பது தெரியாமல். நான் அரிசி மூட்டையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மூன்று வாரத்தில் அக்கா வேலைக்குத் திரும்பினாள். வேறு ஆளாகத் திரும்பினாள். எந்த அறையில் மணி அடித்தாலும் ஓடினாள். தன் நோயாளி இல்லை என்றாலும் ஓடினாள். தண்ணீர் கேட்டவருக்கு நாடி பார்த்தாள். ஒருவர் தூக்கத்தில் முனகினால் டாக்டருக்கு போன் போட்டாள். எனக்கு ஒரே நோயாளியின் ரத்தம் மூன்று தடவை வரும். “இப்பதானுங்க்கா பாத்தோம், எல்லாம் சரியா இருக்குது” என்று போனில் சொன்னால், “இன்னொருக்கப் பாரு, ப்ளீஸ்” என்பாள். சாகக் கிடந்த ஒரு பாட்டியின் மகள், அந்த நர்ஸ் பதற்றக்காரி, அம்மாவை நிம்மதியாக இருக்க விடமாட்டேன் என்கிறாள் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தாள். அதைக் கேட்டபோது எனக்குப் பயமாக இருந்தது. ஒருநாள் கேன்டீனில் பார்த்தேன், ஜன்னல் பக்கம் நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

“உக்காருங்க்கா” என்றேன்.

“இல்ல, மேல யாராவது கூப்பிடுவாங்க” என்றாள்.

அடுத்த வருடம் வேலையை விட்டாள். டெக்ஸாஸில், ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் பேர்லேண்டில் அவள் தங்கை குடும்பம் இருந்தது. தங்கையும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள், இரண்டு சின்னப் பிள்ளைகள். அங்கே போய்விட்டாள். வில்லை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை.

காட்டைப் பற்றி நாங்கள் இருவரும் அதுவரை பேசியதே இல்லை. எனக்கு மட்டும் மனதில் ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா கொடுத்த அந்த மூன்று பதில்கள். அவள் பலகையை உரசிய சத்தம் மேட்டைத் தாண்டிப் போய் அவருக்குக் கேட்டிருக்கும். தன் மனைவியின் கை எப்படி உரசும் என்று அவருக்குத் தெரியாதா? சாகும்போது அவர் தனியாக இல்லை. அவள் குரலைக் கேட்டுக்கொண்டுதான் போனார். இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். போனில் சொல்கிற விஷயமில்லை. இப்படியே மூன்று வருடம் போனது. இரண்டாயிரத்தில் ஹூஸ்டனில் ஒரு கல்யாணம் வந்தது. கல்யாணம் முடிந்த மறுநாள் வாடகைக் காரை எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன்.

மெலிந்திருந்தாள். வீட்டில் யாரும் இல்லை. காபி போட்டுக் கொடுத்தாள். ஊர்க் கதை பேசினோம். என் மகள் ஹைஸ்கூல் போவதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள். கோப்பை காலியான பிறகும் நான் அதைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தேன். பிறகு சொன்னேன்.

“அக்கா, நீங்க பதில் குடுத்தது அவருக்குக் கேட்டிருக்கும். நீங்கதான்னு தெரிஞ்சிருக்கும். அவர் தனியாப் போகலைங்க்கா.”

அவள் சமையல் மேடையில் சாய்ந்து நின்றிருந்தாள்.

“கேட்டிருக்கும்” என்றாள். “நான்னு தெரிஞ்சும் இருக்கும். அதனாலதான் அவரு கூப்பிடுறத நிறுத்தினாரு.”

எனக்குப் புரியவில்லை.

“பதில் வரலேன்னா விடாமக் கூப்பிட்டிருப்பாரு பிள்ளே. பெட்டியத் தூக்கி மரத்துல அடிச்சிருப்பாரு. என்னமாவது பண்ணியிருப்பாரு. அவருக்கச் சுபாவம் உனக்குத் தெரியும்லா? நான் பதில் சொன்னேன். மூணு தடவ சொன்னேன். சரி, இவளுக்குக் கேட்டாச்சு, வந்துக்கிட்டு இருக்கான்னு நெனச்சிருப்பாரு. பொறவு எதுக்குக் கூப்பிடணும்?”

வெளியே யாரோ புல்வெட்டும் எந்திரத்தை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

“ஒரு மணிக்கூர் கெடந்திருக்காரு, எந்தப் பக்கத்துல இருந்து வருவேன்னு பாத்துக்கிட்டு.”

அவளைத் தேற்றுவதற்கென்று நியூ ஜெர்சியிலிருந்து நான் கொண்டுபோயிருந்தது அந்த ஒன்றுதான். அதை அவள் எனக்கு முன்பே, முதல் நாளே, இருட்டில் அவர் பக்கத்தில் தனியாக இருந்தபோதே, கடைசிவரை யோசித்து முடித்திருந்தாள். நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். தங்கை பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர வேண்டும் என்றாள். பள்ளிக்கூடம் பத்து நிமிடத் தூரம், விடுவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டியும் மாட்டாமலும், எனக்கு முன்னால் வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.